பைத்தானில் ஆப்ஜெக்ட் சாகாமல் கிடப்பதும் சீக்கிரம் செத்துப்போவதும்: காரணம் தேட ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி ஓடும் ஒரு ரிப்போர்ட் வேலை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும். அது டேட்டாபேஸுக்கு ஒரு கனெக்ஷன் திறக்கும். வேலை முடிந்து ஆப்ஜெக்ட் அழியும்போது அதன் டண்டர் டெல் மெத்தட் (`__del__`, ஆப்ஜெக்ட் சாகும்போது பைத்தான் தானாகக் கூப்பிடுவது; ‘டண்டர்’ என்றால் பெயரின் இருபக்கமும் இரட்டை அன்டர்ஸ்கோர்) கனெக்ஷனை மூடிவிடும். என் மடிக்கணினியில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சர்வரில் ஏற்றிய மூன்றாம் நாள் விடியற்காலையில், இனி புதிய கனெக்ஷன் தர முடியாது என்று டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. பழையவை எல்லாம் திறந்தபடியே கிடந்தன.

இரண்டு நாள் கார்பேஜ் கலெக்டர், அதாவது பைத்தானின் குப்பை சேகரிப்பான் மேல் சந்தேகப்பட்டு அதன் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். காரணம் வேறு இடத்தில் இருந்தது. தோற்றுப்போன கிளைகளின் எக்செப்ஷனை, அதாவது பிழை ஆப்ஜெக்ட்டை, காலையில் மெயில் அனுப்புவதற்காக ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வைத்திருந்தோம். ஒவ்வொரு எக்செப்ஷனும் தன் டிரேஸ்பேக் (பிழை எந்த வழியாக வந்தது என்ற பதிவு) வழியாக ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் மடிக்கணினியில் எந்தக் கிளையும் தோற்கவில்லை, அதனால் அங்கே எதுவும் தெரியவில்லை.

அதற்கப்புறம் இந்த மாதிரிச் சிக்கல் எது வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இந்த ஆப்ஜெக்ட்டை இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? சீக்கிரம் செத்துப்போனால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: இதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டியவர் யார்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான். நாம் வழக்கமாக இறக்கிப் பயன்படுத்தும் சி-பைத்தானை வைத்து எழுதுகிறேன். பைபை போன்ற வேறு பைத்தான் இன்டர்ப்ரெட்டர்களில் எங்கே மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அழிப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சி-பைத்தானில் இரண்டு பேர் அழிக்கிறார்கள். இந்த இருவரையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

முதலாமவர் ரெஃபரன்ஸ் கவுன்ட். ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதே கணக்குதான். ஒரு வேரியபிள், ஒரு லிஸ்ட், இன்னொரு ஆப்ஜெக்ட்டின் அட்ரிபியூட் என்று எது ஒரு ஆப்ஜெக்ட்டைச் சுட்டினாலும் அதன் வாசலில் ஒரு ஜோடி கூடும். கடைசி ஜோடி போன அந்தக் கணமே வீடு இடிக்கப்படும். தாமதமே இல்லை.

இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் போய் உட்கார்ந்துகொண்டால் இந்தக் கணக்கு தோற்றுவிடும். அப்பா ஆப்ஜெக்ட் பிள்ளையைச் சுட்டுகிறது, பிள்ளை அப்பாவைச் சுட்டுகிறது. வெளியிலிருந்து யாரும் இவர்களைத் தேடி வரவில்லை. ஆனாலும் இரண்டு வாசலிலும் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. இந்தச் சுழற்சிகளைக் கண்டுபிடித்து உடைப்பவர்தான் இரண்டாமவர், ‘ஜிசி’ என்ற மாட்யூல் வழியாக நாம் பேசும் கார்பேஜ் கலெக்டர். பைத்தானில் இது 2000-ஆம் ஆண்டு 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. இரண்டு யோசனைகளுமே பழையவை. லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி குப்பை சேகரிப்பை விவரித்த கட்டுரையும், ஜார்ஜ் காலின்ஸ் ரெஃபரன்ஸ் எண்ணும் முறையை விவரித்த கட்டுரையும் ஒரே ஆண்டில், 1960-இல் வெளிவந்தன.

இந்த இரண்டாமவர் எப்போது வருவார் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நேரத்தை வைத்து வருவதில்லை, மெமரி குறைவாக இருப்பதை வைத்தும் வருவதில்லை. லிஸ்ட், டிக்ஷனரி, கிளாஸ் இன்ஸ்டன்ஸ் போன்ற கன்டெய்னர் வகை ஆப்ஜெக்ட்களில் உருவானவற்றுக்கும் அழிந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினால் வருவார். பல ஆண்டுகளாக அந்த எல்லைகள் 700, 10, 10 என்று இருந்தன. கலெக்டர் ஆப்ஜெக்ட்களை வயதை வைத்து மூன்று தலைமுறையாகப் பிரிக்கும். முதல், அதாவது இளைய தலைமுறைக்கு 700, அது பத்து முறைக்கு மேல் நடந்தால் இரண்டாவது, அதுவும் அப்படியே நடந்தால் மூன்றாவது. புதிய பதிப்புகளில் இந்த எண்கள் மாறியிருக்கின்றன. உங்கள் மெஷினில் என்ன என்பதை ‘ஜிசி.கெட்_த்ரெஷோல்ட்()’ சொல்லும். 700 கன்டெய்னர்கள் பெரிய எண்ணே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் 50 எம்.பி படத்தைத் தாங்கியிருந்தால்? கலெக்டருக்குப் படத்தின் கனம் தெரியாது, தலைகளை மட்டும்தான் எண்ணும். சுழற்சியில் மாட்டிய பத்துப் பதினைந்து கனமான ஆப்ஜெக்ட்களால் மெமரி நிரம்பி புரோகிராம் விழுவது இப்படித்தான்.

படி 1: நோயின் பெயரைச் சொல்லுங்கள்

‘மெமரி லீக்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன: ஆப்ஜெக்ட் சாகவே இல்லை; செத்தது, ஆனால் நினைத்த நேரத்தில் சாகவில்லை; நினைத்ததற்கு முன்பே செத்துவிட்டது; ஆப்ஜெக்ட் ஒழுங்காகச் செத்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் காட்டும் மெமரி இறங்கவில்லை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. எது உங்களுடையது என்பதை ஊகிக்க வேண்டாம், அடுத்த படியில் அளந்தே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் முக்கியமான ஒன்று. சோதனையை இன்டராக்டிவ் ஷெல்லிலோ நோட்புக்கிலோ செய்யாதீர்கள். ஷெல் கடைசியாகக் காட்டிய மதிப்பை அன்டர்ஸ்கோர் என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. நோட்புக் இன்னும் மோசம், ஒவ்வொரு செல்லின் விடையையும் ‘அவுட்’ என்ற டிக்ஷனரியில் சேர்த்துக்கொண்டே போகிறது. யாரும் பிடிக்காத எக்செப்ஷன் ஒன்று எழுந்தால் அதையும் ‘சிஸ்’ மாட்யூல் கடைசிப் பிழையாக வைத்திருக்கும். ஷெல்லில் ‘சாகாத’ ஆப்ஜெக்ட்டைத் துரத்தி அரை நாளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனி ஃபைலில் எழுதி, புதிய பிராசஸாக ஓட்டுங்கள். டீபக்கரில் நிறுத்திப் பார்ப்பதும் வேண்டாம், அதுவும் ஃபிரேம்களை (ஓடும் ஒரு ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் இடம்) பிடித்துக்கொள்ளும்.

படி 2: வீக் ரெஃபரன்ஸ் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதையே ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால், பார்ப்பதே அதை வாழவைத்துவிடும். அதனால் ‘வீக்ரெஃப்.ரெஃப்’ வைத்துக் கண்காணியுங்கள். இது வாசலில் செருப்பு விடாமல் ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பது போல, கணக்கில் சேராது. அதைக் கூப்பிட்டால், உயிரோடு இருந்தால் ஆப்ஜெக்ட் கிடைக்கும், செத்திருந்தால் ‘நன்’ கிடைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆப்ஜெக்ட்டை உருவாக்கி வீக் ரெஃபரன்ஸ் எடுங்கள். சந்தேகப்படும் வேலையை ஓட்டுங்கள். உங்கள் சொந்த வேரியபிளை ‘டெல்’ செய்யுங்கள். இப்போது வீக் ரெஃபரன்ஸைக் கேளுங்கள், விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘ஜிசி.கலெக்ட்()’ கூப்பிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

முதல் முறையே ‘நன்’ வந்தால் ரெஃபரன்ஸ் பக்கம் சிக்கல் இல்லை. ஆப்ஜெக்ட் ஒழுங்காகச் செத்திருக்கிறது. மெமரி இறங்கவில்லை என்பது உங்கள் புகாரானால் நேராகப் படி 5-க்குப் போங்கள்.

முதல் முறை உயிரோடு இருந்து, கலெக்ட் கூப்பிட்டதும் செத்தால் அது சுழற்சி. ஆப்ஜெக்ட் என்றாவது சாகும், ஆனால் எப்போது என்று உங்களால் சொல்ல முடியாது. படி 4.

கலெக்ட்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தால், உயிருள்ள ஏதோ ஒன்று அதை உண்மையாகவே பிடித்திருக்கிறது. படி 3. என் அனுபவத்தில் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்போம்.

சில வகைகளுக்கு வீக் ரெஃபரன்ஸ் எடுக்க முடியாது. இன்ட், டியூப்பிள், சாதாரண லிஸ்ட், சாதாரண டிக்ஷனரி எதற்கும் முடியாது. ‘ஸ்லாட்ஸ்’ (என்னென்ன அட்ரிபியூட் இருக்கலாம் என்று முன்கூட்டியே பட்டியலிடுவது) வைத்து எழுதிய கிளாஸிலும், வீக்ரெஃபுக்கான ஸ்லாட்டைச் சேர்க்காவிட்டால் முடியாது. லிஸ்ட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு வெறும் சப்கிளாஸ் உருவாக்கிக்கொள்ளுங்கள், போதும்.

‘சிஸ்.கெட்ரெஃப்கவுன்ட்’ வைத்து எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடுதலாகக் காட்டும். எண்ணப் போனவரின் செருப்பும் அப்போது வாசலில்தான் கிடக்கிறது. 3.12-லிருந்து ‘நன்’ போன்ற சில ஆப்ஜெக்ட்கள் சாகாவரம் பெற்றவை, அவற்றுக்கு 4294967295 போன்ற பிரம்மாண்டமான எண் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 3.14-இல் தேவையில்லாத இடங்களில் எண்ணுவதையே இன்டர்ப்ரெட்டர் தவிர்க்கிறது, அதனால் பழைய பதிப்பில் கிடைத்த எண் இப்போது கிடைக்காமல் போகலாம். ஆகவே இந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். உயிரா, சாவா என்ற வீக் ரெஃபரன்ஸின் பதில் எந்தப் பதிப்பிலும் தெளிவானது.

படி 3: பிடித்திருப்பவரைக் கண்டுபிடியுங்கள்

‘ஜிசி.கெட்_ரெஃபரர்ஸ்’ என்ற ஃபங்ஷனிடம் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால், அதைச் சுட்டுபவர்களின் பட்டியல் வரும். பட்டியலை வாசிக்கப் பழக வேண்டும். டிக்ஷனரி வந்து, அதில் டண்டர் நேம் என்ற கீ இருந்தால் அது ஒரு மாட்யூலின் குளோபல் பகுதி. யாரோ குளோபல் வேரியபிளில் வைத்திருக்கிறார்கள். ‘செல்’ வகை வந்தால் ஒரு குளோஷர், அதாவது உள் ஃபங்ஷனோ லாம்டாவோ பிடித்திருக்கிறது. ‘மெத்தட்’ வகை வந்தால் அந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தட் ஒன்றை யாரோ கால்பேக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு இன்ஸ்டன்ஸின் அட்ரிபியூட் பிடித்திருந்தால் அதன் அட்ரிபியூட் டிக்ஷனரி வரும், புதிய பதிப்புகளில் அந்த இன்ஸ்டன்ஸே நேராக வரலாம்.

ஒரு படி மேலே போனதும் நிறுத்திவிடாதீர்கள். லிஸ்ட் ஒன்று பிடித்திருக்கிறதா? அந்த லிஸ்ட்டைப் பிடித்திருப்பவர் யார்? இப்படி மாட்யூல் குளோபலையோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு த்ரெட்டையோ தொடும் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். கையால் செய்வது சலிப்பு. ‘ஆப்ஜ்கிராஃப்’ என்ற பேக்கேஜ் இதைப் படமாகவே வரைந்து கொடுக்கும், படத்துக்கு கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும். அதில் ‘ஷோ_பேக்ரெஃப்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்தது. நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் படம் வரைய வழியில்லாவிட்டால் ‘ஷோ_குரோத்’ போதும். இரண்டு முறை கூப்பிட்டால், இடையில் எந்த வகை ஆப்ஜெக்ட் எத்தனை கூடியது என்று எழுத்தில் சொல்லிவிடும்.

இந்தக் கருவிக்குக் கண் தெரியாத இடங்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் 3.11-லிருந்து பெரும்பாலும் பட்டியலில் வராது, ஏனென்றால் தேவைப்படும்போதுதான் ஃபிரேம் ஆப்ஜெக்ட்டே உருவாகிறது. கலெக்டருடன் ஒத்துழைக்காத சி எக்ஸ்டென்ஷன் (சி மொழியில் எழுதிய மாட்யூல்) வகைகளும் வராது. பட்டியல் காலியாக வந்தால் ‘யாரும் பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டாமல் இந்த இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

வழக்கமாகப் பிடிபடுகிறவர்களைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி நேரம் கருவியே தேவைப்படாது.

எக்செப்ஷன்தான் முதல் ஆள். எக்செப்ஷன் தன் டிரேஸ்பேக்கைப் பிடித்திருக்கிறது. டிரேஸ்பேக், பிழை எழுந்த இடத்திலிருந்து அது பிடிக்கப்பட்ட இடம் வரை உள்ள ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்திருக்கிறது. ஃபிரேம், அந்த ஃபங்ஷனின் அத்தனை லோக்கல் வேரியபிள்களையும், ‘செல்ஃப்’ உட்பட, பிடித்திருக்கிறது. இரண்டு வரிச் செய்தியைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து அந்தக் கணத்தின் மொத்தக் குடும்பத்தையும் பத்திரப்படுத்திவிடுகிறோம். பைத்தான் 3-இல் எக்செப்ட் பிளாக் முடிந்ததும் அந்த எக்செப்ஷன் பெயர் தானாக அழிக்கப்படுவது இதனால்தான். ஆனால் அதை வேறு பெயரிலோ, லிஸ்ட்டிலோ, ‘செல்ஃப்.கடைசிப்பிழை’ மாதிரி ஒரு அட்ரிபியூட்டிலோ நீங்களே வைத்துக்கொண்டால் பைத்தானால் உதவ முடியாது. செய்தி மட்டும் வேண்டுமென்றால் டிரேஸ்பேக்கை அங்கேயே ஸ்ட்ரிங் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்செப்ஷனே வேண்டுமென்றால் ‘வித்_டிரேஸ்பேக்’ மூலம் டிரேஸ்பேக்கை ‘நன்’ ஆக்குங்கள். அதன் டண்டர் கான்டெக்ஸ்ட் என்ற அட்ரிபியூட்டில் முந்தைய பிழை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ‘எல்ஆர்யூ_கேஷ்’, அதாவது ஃபங்ஷனின் பழைய விடைகளை நினைவில் வைத்துத் திருப்பித் தரும் டெக்கரேட்டர். ஒரு மெத்தடின் தலையில் இந்த டெக்கரேட்டரைப் போட்டால் ‘செல்ஃப்’ கேஷின் கீ-யில் ஒரு பகுதியாகிவிடும். கேஷ் கிளாஸோடு வாழ்கிறது, கிளாஸ் மாட்யூலோடு வாழ்கிறது. ஆக அந்த இன்ஸ்டன்ஸ் கேஷிலிருந்து தள்ளப்படும் வரை சாகாது. இயல்பான அளவு 128 என்பதால் 128 பதிவுகளுக்கு மேல் வளராது, அதனாலேயே இதைப் பல நாள் யாரும் கவனிப்பதில்லை. அளவை ‘நன்’ என்று வைத்திருந்தால் வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் கால்பேக் பதிவுகள். சிக்னல், ஈவென்ட், அப்சர்வர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, ‘செல்ஃப்.ஆன்_சேஞ்ச்’ மாதிரி ஒரு மெத்தடை நீண்ட நாள் வாழும் ஒன்றிடம் கொடுத்தால் ‘செல்ஃப்’பையும் சேர்த்துக் கொடுத்ததாக அர்த்தம். பதிவை நீக்குவதற்கான வழியை அன்றே எழுதுங்கள். ‘ஏட்எக்ஸிட்’டில் பதிவு செய்தால் பிராசஸ் முடியும் வரை விடுதலை இல்லை.

சின்னவர்களும் இருக்கிறார்கள். ‘ஃபார்’ லூப் முடிந்த பிறகும் லூப் வேரியபிள் கடைசி ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருக்கும். எல்லாம் செத்து ஒன்று மட்டும் மிஞ்சுகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். பாதியில் நின்ற ஜெனரேட்டர் தன் லோக்கல்களை விடாது. ஃபங்ஷனின் டிஃபால்ட் ஆர்கியுமென்டாக எழுதிய லிஸ்ட் ஃபங்ஷன் உள்ள வரை வாழும். கிளாஸ் அளவில் எழுதிய லிஸ்ட் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் பொது.

படி 4: சுழற்சியைக் கண்டுபிடியுங்கள்

சுழற்சி தன்னளவில் பிழை இல்லை. மரம் மாதிரியான டேட்டாவில் பிள்ளைக்கு அப்பாவைத் தெரிந்திருப்பது இயல்பு. ஆப்ஜெக்ட் கனமாக இருந்தாலோ, ஃபைல், சாக்கெட், லாக் போன்ற எதையாவது வைத்திருந்தாலோதான் சிக்கல்.

எந்தச் சுழற்சி என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ‘ஜிசி.செட்_டீபக்’கில் ‘டீபக்_சேவ்ஆல்’ கொடியை ஏற்றுங்கள். இனி கலெக்டர் தான் கண்டுபிடித்த குப்பையை அழிக்காமல் ‘ஜிசி.கார்பேஜ்’ என்ற லிஸ்ட்டில் போட்டுவைக்கும். கலெக்ட் கூப்பிட்டு, அந்த லிஸ்ட்டை வகைவாரியாக எண்ணிப் பாருங்கள். உங்கள் கிளாஸின் பெயர் அதில் தென்படும். பக்கத்தில் ஃபிரேமும் டிரேஸ்பேக்கும் கூட்டமாக இருந்தால் மறுபடியும் எக்செப்ஷன்தான். ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயே எக்செப்ஷனை இன்னொரு லோக்கல் பெயரில் வைத்துக்கொண்டால் ஃபிரேம் எக்செப்ஷனையும், எக்செப்ஷன் ஃபிரேமையும் சுட்டிச் சுழற்சி ஆகிவிடும். சோதனை முடிந்ததும் கொடியை இறக்க மறக்காதீர்கள், சர்வரில் ஏற்றியே விட்டால் நீங்களே ஒரு லீக் உருவாக்கியவர் ஆவீர்கள்.

உடைக்கும் வழி பெரும்பாலும் எளிது. பிள்ளையிடமிருந்து அப்பாவுக்குப் போகும் சுட்டியை வீக் ரெஃபரன்ஸ் ஆக்குங்கள். இரண்டில் எது மற்றதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தால் எந்தப் பக்கத்தை வீக் ஆக்குவது என்று தெரிந்துவிடும்.

பழைய கட்டுரைகளில் ‘டண்டர் டெல் உள்ள ஆப்ஜெக்ட் சுழற்சியில் இருந்தால் ஒருபோதும் அழியாது’ என்று படித்திருப்பீர்கள். 3.4-க்கு முன்பு அது உண்மை. அன்த்வான் பித்ரூ எழுதிய பெப் 442 (பைத்தான் மாற்றத்துக்கான முன்மொழிவு) வந்த பிறகு அவையும் அழிக்கப்படுகின்றன. இணையத்தில் அந்தப் பழைய எச்சரிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பித் தவறான இடத்தில் தேடாதீர்கள்.

படி 5: செத்த பிறகும் மெமரி இறங்கவில்லையா

சிறிய ஆப்ஜெக்ட்களுக்கு, அதாவது 512 பைட் வரை, பைத்தான் தன் சொந்த அலோக்கேட்டரை, அதாவது மெமரி ஒதுக்கும் பகுதியை, பயன்படுத்துகிறது. அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் பெரிய துண்டுகளாக இடம் வாங்கும். அந்தத் துண்டு முன்பு 256 கே.பி, 3.10-லிருந்து 64-பிட் மெஷின்களில் 1 எம்.பி. ஒரு துண்டில் ஒரே ஒரு ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தாலும் துண்டு முழுவதும் திரும்பிப் போகாது. பத்து லட்சம் ஆப்ஜெக்ட்கள் செத்தும், பிராசஸ்களின் மெமரியைக் காட்டும் ‘டாப்’ கட்டளை சொல்லும் எண் அசையாமல் நிற்க இது போதும்.

லீக்கா, இதுவா என்று பிரித்தறிய ஒரு வழி: அதே வேலையை ஒரே பிராசஸில் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். முதல் முறை ஏறி அப்புறம் சமமாக நின்றால் லீக் இல்லை, விடுபட்ட இடம் மறுபடி பயன்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு ஏறினால் லீக். அப்போது மெமரி ஒதுக்கீடுகளைக் கண்காணிக்கும் ‘டிரேஸ்மல்லாக்’ மாட்யூலைத் தொடக்கத்திலேயே இயக்கி இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள். எந்த வரியில் உருவான மெமரி கூடியிருக்கிறது என்று காட்டும். உருவான இடத்தைத்தான் காட்டும், பிடித்திருக்கும் இடத்தை அல்ல. பிடித்திருப்பவருக்கு மறுபடி படி 3.

படி 6: டண்டர் டெல் ஓடியதா, ஓடித் தோற்றதா?

‘டெல் எக்ஸ்’ என்று எழுதுவது டண்டர் டெல்லைக் கூப்பிடாது. அந்தப் பெயரை மட்டும் நீக்கும், கவுன்ட் ஒன்று குறையும். பூஜ்ஜியம் ஆனால்தான் மெத்தட் ஓடும். இது தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஒன்று, டண்டர் டெல்லுக்குள் எழும் எக்செப்ஷன் வெளியே வராது. ஸ்டாண்டர்ட் எரரில் ‘எக்செப்ஷன் இக்னோர்ட்’ என்று ஒரு வரி அச்சாகும், புரோகிராம் எதுவும் நடக்காததுபோல் தொடரும். சர்வரில் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. 3.8-இல் வந்த ‘சிஸ்.அன்ரெய்சபிள்ஹுக்’கில் உங்கள் சொந்த ஃபங்ஷனை வைத்து அதை லாக்கில் எழுதவையுங்கள். ‘மூடவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை ‘மூடப் போய்த் தோற்றது’ என்பதாக மாறிவிடும்.

இரண்டு, ஆப்ஜெக்ட்டை அமைக்கும் டண்டர் இனிட் பாதியில் தோற்றாலும் டண்டர் டெல் ஓடும். அப்போது ‘செல்ஃப்.கனெக்ஷன்’ என்ற அட்ரிபியூட்டே உருவாகியிருக்காது. இனிட்டின் முதல் வரியிலேயே அதை ‘நன்’ என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் மிகக் கடினமானது. சுழற்சியில் இருந்த ஆப்ஜெக்ட்டை கலெக்டர் எந்த த்ரெட்டில், எந்த இடத்தில் அழிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு த்ரெட் ஒரு லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் அதே த்ரெட்டில் கலெக்டர் ஓடி, டண்டர் டெல்லும் அதே லாக்கைக் கேட்டால் புரோகிராம் அப்படியே உறைந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் உறைதலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 3.7-இல் த்ரெட்களுக்கிடையே செய்தி கடத்தும் ‘சிம்பிள்கியூ’ வந்தபோது, டண்டர் டெல்லுக்குள்ளிருந்தும் பாதுகாப்பாகப் போடக்கூடியதாக அதன் ‘புட்’டை அமைத்ததற்கு இந்த ஆபத்துதான் காரணம். அங்கிருந்து ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த கியூவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள். வேலையை வேறு த்ரெட் செய்யட்டும்.

படி 7: சீக்கிரம் செத்துப்போனால்

இங்கே குற்றவாளி, இருந்திருக்க வேண்டிய ஆனால் இல்லாமல் போன ரெஃபரன்ஸ்தான். ஜன்னல்கள் வரையும் டிகே-இன்டர் மாட்யூலில் ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தை ஏற்றி லேபிளில் வைக்கிறீர்கள். ஜன்னல் வருகிறது, படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. லேபிள் படத்தின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கிறது, ஃபோட்டோஇமேஜ் ஆப்ஜெக்ட் ஃபங்ஷன் முடிந்ததும் செத்துவிட்டது. லேபிளின் ஒரு அட்ரிபியூட்டில் அதை வைத்தால் தீர்ந்தது.

தற்காலிக ஃபோல்டர் உருவாக்கும், டெம்ப்ஃபைல் மாட்யூலின் ‘டெம்பரரிடைரக்டரி’யிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்ட்டை விட்டுவிட்டால் ஃபோல்டரும் காணாமல் போகும். மெத்தடுக்கு நேராக வீக் ரெஃபரன்ஸ் எடுத்தால் அது பிறந்த கணமே செத்திருக்கும், ஏனென்றால் ‘ஆப்ஜெக்ட்.மெத்தட்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் புதிய மெத்தட் ஆப்ஜெக்ட் உருவாகிறது. அதற்கென்றே ‘வீக்மெத்தட்’ இருக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகம் படுத்துவது அசிங்க்-ஐஓ, ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் மாட்யூல். ‘கிரியேட்_டாஸ்க்’ திருப்பிக் கொடுக்கும் டாஸ்க்கை நீங்கள் எங்கும் வைத்துக்கொள்ளாவிட்டால், ஈவென்ட் லூப் அதை வீக்காக மட்டுமே பிடித்திருக்கும். நடுவழியில் டாஸ்க் சத்தமில்லாமல் மறையலாம். பிழைச் செய்தி வந்தாலும் வரும், வராமலும் போகும். ஒரு செட்டில் சேர்த்து வைத்து, முடிந்ததும் அதிலிருந்து நீக்க ‘டன்’ கால்பேக் வையுங்கள். 3.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ‘டாஸ்க்குரூப்’ இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

படி 8: மூடுவதைச் சாவோடு கட்டாதீர்கள்

ஃபைல், கனெக்ஷன், லாக் எதுவானாலும் ‘வித்’ பிளாக்குக்குள் கொண்டுவாருங்கள், பிளாக் முடிந்ததும் அது மூடப்படும். எத்தனை என்று முன்கூட்டியே தெரியாதவற்றுக்கு ‘எக்ஸிட்ஸ்டாக்’. எங்கள் ரிப்போர்ட் வேலையையும் கடைசியில் அப்படித்தான் சரிசெய்தோம், டண்டர் டெல்லையே எடுத்துவிட்டோம். மெமரியை விடுவிக்கும் பொறுப்பு பைத்தானுடையது, கனெக்ஷனை மூடும் பொறுப்பு நம்முடையது.

பைபையில் ரெஃபரன்ஸ் எண்ணுவதே கிடையாது, அதனால் சி-பைத்தானில் ‘தானாக’ மூடிய ஃபைல் அங்கே நெடுநேரம் திறந்தே கிடக்கும். ஜாவாவும் இதே வழியில் நடந்து பார்த்துத் திரும்பியது. அங்கே ‘ஃபைனலைஸ்’ மெத்தடை ஜாவா 9-இல் கைவிடத்தக்கதாக அறிவித்தார்கள், 2022-இல் வந்த ஜாவா 18-இல் ஃபைனலைசேஷன் முழுவதையுமே நீக்கப்போவதாகக் குறித்தார்கள்.

பாதுகாப்பு வலையாக ஏதாவது வேண்டும் என்றால் டண்டர் டெல்லைவிட ‘வீக்ரெஃப்.ஃபைனலைஸ்’ நல்லது. ஆப்ஜெக்ட் சாகும்போதோ, அதற்கு முன் பிராசஸ் முடிந்தாலோ அது ஓடும். அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனில் ‘செல்ஃப்.குளோஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த மெத்தட் ‘செல்ஃப்’பைப் பிடித்துக்கொள்ளும், ஆப்ஜெக்ட் சாகவே சாகாது. கனெக்ஷனை மட்டும் ஆர்கியுமென்டாகக் கொடுங்கள்.

‘ஜிசி.டிசேபிள்’ போட்டால் வேகமாகும் என்று யாராவது சொன்னால், இன்ஸ்டாகிராம் 2017-இல் அப்படிச் செய்ததைக் காட்டியிருப்பார்கள். அவர்களுடைய தேவை வேறு: ஃபோர்க் செய்த (ஒன்றிலிருந்து கிளைத்த) பிராசஸ்கள் பகிர்ந்துகொண்ட மெமரிப் பக்கங்களை கலெக்டர் தொட்டுத் தொட்டுப் பிரதி எடுக்கவைத்தது. அதற்கான நேர்த்தியான வழியாகப் பின்னால் 3.7-இல் ‘ஜிசி.ஃபிரீஸ்’ வந்தது. சுழற்சிகள் உள்ள சாதாரண புரோகிராமில் கலெக்டரை நிறுத்தினால் மெமரி ஏறிக்கொண்டேதான் போகும்.

படி 9: திரும்பி வராமல் காவல் வையுங்கள்

டெஸ்ட் ஓட்டும்போது ‘டேஷ் பெரிய எக்ஸ் டெவ்’ (`-X dev`) ஆப்ஷனோடு பைத்தானை ஓட்டுங்கள். மூடாமல் விட்ட ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் ‘ரிசோர்ஸ் வார்னிங்’ வரும். வழக்கமாக அது காட்டப்படுவதில்லை. அதோடு ‘டிரேஸ்மல்லாக்’கையும் இயக்கினால் அந்த ஃபைல் எந்த வரியில் திறக்கப்பட்டது என்பதும் கூடவே வரும்.

அப்புறம் படி 2-இன் சோதனையையே ஒரு யூனிட் டெஸ்ட்டாக எழுதிவிடுங்கள். ஆப்ஜெக்ட்டை உருவாக்கு, வீக் ரெஃபரன்ஸ் எடு, வேலையை ஓட்டு, பெயரை நீக்கு, ‘நன்’ வருகிறதா பார். கலெக்ட் கூப்பிடாமலே ‘நன்’ வர வேண்டும் என்று எழுதினால், நாளைக்கு யாராவது தெரியாமல் ஒரு சுழற்சியைச் சேர்த்தாலும் டெஸ்ட் விழும். எங்கள் டெஸ்ட்டில் வேலை வேண்டுமென்றே தோற்கும்படி ஒரு கிளையையும் சேர்த்திருக்கிறோம்.